கொடுத்தது குழந்தையைச் சேர்ந்ததா?
கென்யக் கிராமப் பள்ளிகள் தரும் ஒரு பாடம்

ஒன்பதாம் வகுப்பில் ஆப்பிரிக்கா என்று சொன்னவுடன் மாணவர்கள் சொல்லும் சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். பாலைவனம், பஞ்சம், சிங்கம், பட்டினி என்று பட்டியல் நீளும். 54 நாடுகள் கொண்ட ஒரு கண்டம் நம் பிள்ளைகளின் மனத்தில் கையேந்தி நிற்கும் ஒரு குழந்தையின் படமாகச் சுருங்கிக் கிடக்கிறது. அந்தப் படத்தை மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் இரண்டு பாடவேளைகளுக்கான ஒரு பாடத்தைத் தயாரித்தேன். மேற்குக் கென்யாவின் கிராமப் பள்ளிகளுக்குத் தொண்டு நிறுவனம் ஒன்று செய்த உதவிகளும், அவற்றில் எது பலன் தந்தது, எது தரவில்லை என்று ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்த வரலாறும்தான் அந்தப் பாடம்.

மாணவர்களுக்கென்று தேடிப் படித்தவை ஆசிரியராக எனக்கே பெரிதும் பயன்பட்டன. பள்ளிக்கு ஒரு பொருள் வந்து சேர்வதும், அது குழந்தையின் கற்றலில் போய்ச் சேர்வதும் வெவ்வேறு செயல்கள் என்பதை இந்த வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ளச் செய்தி இருக்கிறது. அதனால் பாடத்தை நடத்திய வரிசையிலேயே இங்கே பகிர்கிறேன்.

ஊரும் மக்களும்

உலக வரைபடத்தில் முதலில் கென்யாவைத் தேடச் சொன்னேன். கிழக்கு ஆப்பிரிக்காவில், நிலநடுக்கோடு ஊடறுத்துச் செல்லும் நாடு. அதன் மேற்கு எல்லையில், உகாண்டாவை ஒட்டி, விக்டோரியா ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது புசியா பகுதி. மாணவர்கள் எதிர்பார்த்த பாலைவனம் அங்கே இல்லை. நல்ல மழை பெறும் விவசாயப் பூமி. சிறு விவசாயிகள் மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிடுகிறார்கள்.

அங்குள்ள குழந்தை வீட்டில் பேசுவது லூயா, டெசோ, லூவோ போன்ற தாய்மொழிகளில் ஒன்று. கடைத்தெருவிலும் வெளியூரிலும் பயன்படுவது சுவாஹிலி. ஆங்கிலம் அந்தக் குழந்தைக்கு மூன்றாவது மொழி. இந்த ஒரு செய்தியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி அழிக்காமல் வைத்திருங்கள். பாடத்தின் நடுவில் இது தேவைப்படும்.

இன்னொரு சொல்லையும் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினேன். ஹராம்பீ. எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்பது அதன் பொருள். நம் ஊரில் தேர் இழுப்பதை நினைத்துக்கொண்டால் போதும். 1963-ல் கென்யா விடுதலை பெற்றபோது நாட்டின் முழக்கமாகவே ஆன இந்தச் சொல் அதன் அரசுச் சின்னத்திலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஊர் மக்கள் பணம் திரட்டிப் பள்ளிக் கட்டடம் எழுப்புவார்கள். ஆசிரியருக்கு அரசு சம்பளம் தரும். எத்தனையோ கிராமப் பள்ளிகள் இப்படித்தான் எழுந்தன. வெளியிலிருந்து தொண்டு நிறுவனம் வருவதற்கு முன்பே அந்த மக்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தங்களால் இயன்றதைச் செய்துகொண்டிருந்தார்கள். உதவி பெறுபவர்கள் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கவில்லை என்பதை மாணவர்கள் முதலிலேயே உணர வேண்டும்.

ஐந்து அட்டைகள்

அடுத்து வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து அட்டைகள் கொடுத்தேன். பாடநூல், சுவரில் மாட்டும் படத்தாள்கள், சீருடை, காலைக் கஞ்சி, குடற்புழு மாத்திரை என்று அவற்றில் எழுதியிருந்தது. "உங்கள் கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. புசியா குழந்தைகளின் கல்விக்கு உதவ வேண்டும். எதை முதலில் செய்வீர்கள்? வரிசைப்படுத்துங்கள், காரணமும் சொல்லுங்கள்" என்றேன்.

பெரும்பாலான குழுக்கள் பாடநூலை முதலில் வைத்தன. குடற்புழு மாத்திரை கடைசிக்குப் போனது. "புத்தகம் இல்லாம எப்படி சார் படிப்பாங்க?" என்று கேட்டான் ஒருவன். நியாயமான கேள்வி. கல்விக்கு உதவ முன்வரும் பெரியவர்களில் பலரும் இதே வரிசையில்தான் யோசிப்பார்கள். வரிசைகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, உண்மையில் என்ன நடந்தது என்ற கதைக்குச் சென்றோம்.

சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள்

மைக்கேல் கிரெமர் என்ற அமெரிக்க இளைஞர் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு மேற்குக் கென்யாவில் ஓராண்டு பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு பொருளாதார அறிஞரானார். 1990-களின் நடுவில் அவர் கென்யாவுக்குத் திரும்ப வந்தபோது, ஐ.சி.எஸ். என்ற நெதர்லாந்து நாட்டுத் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்த நண்பர் ஒருவர் புசியா பகுதியில் உதவி செய்ய ஏழு பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்தார். கிரெமர் ஒரு யோசனை சொன்னார். ஏழுக்குப் பதிலாகப் பதினான்கு பள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். அவற்றில் ஏழைக் குலுக்கலில் எடுத்து உதவுங்கள். பிறகு இரண்டு குழுக்களையும் ஒப்பிடுங்கள்.

குலுக்கல் எதற்கு? இதை மாணவர்களுக்கு விளக்க நான் பயன்படுத்தியது படத்தாள்களின் கதை. ஃபிளிப் சார்ட் எனப்படும் புரட்டிக் காட்டும் பெரிய படத்தாள்கள் ஏற்கெனவே இருந்த பள்ளிகளையும் இல்லாத பள்ளிகளையும் ஒப்பிட்டபோது, இருந்த பள்ளிகளில் மதிப்பெண் நன்றாகவே கூடுதலாக இருந்தது. அதைப் பார்த்தால் படத்தாள்களால்தான் பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் 178 பள்ளிகளில் பாதியைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்துப் படத்தாள்கள் கொடுத்துப் பார்த்தபோது, இரு தரப்புப் பள்ளிகளின் மதிப்பெண்ணிலும் வேறுபாடே தெரியவில்லை. முன்பு தெரிந்த உயர்வுக்கு வேறு காரணங்கள் இருந்திருக்கின்றன. அக்கறையுள்ள தலைமையாசிரியரும் ஓரளவு வசதியுள்ள பெற்றோரும் இருக்கும் பள்ளிதான் படத்தாள்களையும் வாங்கிவைக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இது புரியும்.

"கண்ணாடி போட்டவங்க எல்லாம் நல்லா படிக்கிறாங்க, அதனால கண்ணாடி போட்டா நல்லா படிக்கலாம்னு சொல்ற மாதிரி" என்றாள் ஒரு மாணவி. நான் யோசித்து வைத்திருந்த விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது.

பாடநூல் யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

1996-ல் தொடங்கிய பாடநூல் திட்டத்தில் 100 பள்ளிகள் இருந்தன. குலுக்கலில் வந்த 25 பள்ளிகளுக்கு முதலில் பாடநூல்கள் வழங்கப்பட்டன. அதுவரை அந்தப் பள்ளிகளில் பெரும்பாலான குழந்தைகளிடம் புத்தகம் இல்லை. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். புத்தகம் வந்தால் பெரிய மாற்றம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஆய்வாளர்கள் மாணவர்களைத் தரவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. முன்பே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்திருந்தது. மற்றவர்களுக்குப் புத்தகத்தால் பலன் இல்லை. கரும்பலகை ஓரத்தில் எழுதிவைத்ததை இப்போது காட்டினேன். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலமோ அந்தக் குழந்தைகளின் மூன்றாவது மொழி. அரசு வகுத்த பாடத்திட்டத்துக்கு ஏற்ற, நல்ல புத்தகம்தான் அது. ஆனால் அந்தப் பாடத்திட்டமே நகரத்து வசதியுள்ள பிள்ளைகளின் வேகத்துக்கு வகுக்கப்பட்டிருந்தது. கிராமத்துக் குழந்தைகளில் பலரால் அந்தப் புத்தகத்தை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை.

இந்த இடத்தில் வகுப்பு அமைதியானது. கடைசி வரிசையில் இருப்பவர்களின் முகங்களைப் பார்த்தேன். கையில் இருக்கும் புத்தகம் தனக்குப் புரியவில்லை என்பதை வெளியே சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எந்த நாட்டு வகுப்பிலும் உண்டு. பாடநூல் தேவையில்லை என்று யாரும் இதிலிருந்து முடிவுசெய்ய வேண்டியதில்லை. வாசிக்கத் தெரிந்த குழந்தைக்கு அது உதவியிருக்கிறது. மற்றக் குழந்தைகளுக்குப் புத்தகத்தோடு வாசிப்பும் வர வேண்டியிருந்தது.

சீருடையும் கஞ்சியும்

கென்யாவில் சீருடை இல்லாமல் பள்ளிக்கு வருவது குழந்தைக்குக் கூச்சம் தரும் செயல். ஏழைக் குடும்பத்துக்குச் சீருடை பெரிய செலவு. குலுக்கலில் தேர்ந்தெடுத்த குழந்தைகளுக்கு இலவசச் சீருடை வழங்கியபோது அவர்கள் பள்ளிக்கு வராத நாட்கள் குறைந்தன. முன்பு சீருடையே இல்லாதிருந்த குழந்தைகளிடம் அந்த நாட்கள் பாதிக்கும் கீழே இறங்கின. எட்டு ஆண்டுகள் கழித்து அதே குழந்தைகளைத் தேடிச் சென்று பார்த்தபோது, எத்தனையாம் வகுப்புவரை படித்தார்கள் என்பதில் வேறுபாடு தென்படவில்லை. மேற்குக் கென்யாவில் 328 பள்ளிகளில் நடந்த மற்றொரு ஆய்வில், தொடக்கக் கல்வியின் கடைசி ஆண்டுகளில் இலவசச் சீருடை பெற்ற பெண் குழந்தைகளிடம் இடைநிற்றலும் இளவயதுத் திருமணமும் இளவயதுத் தாய்மையும் குறைந்தன. ஒரே பொருள்தான். எந்த வயதில், யாருக்கு, எவ்வளவு காலம் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது.

முன்பருவப் பள்ளிகளில் காலைக் கஞ்சி கொடுத்துப் பார்த்தார்கள். 50 பள்ளிகளில் 25-க்குக் குலுக்கல் முறையில் உணவு கிடைத்தது. உணவு கொடுத்த பள்ளிகளில் வருகை மற்றப் பள்ளிகளைவிடச் சுமார் 30 விழுக்காடு கூடுதலாக இருந்தது. கற்றலில் முன்னேற்றம் தெரிந்ததோ, நல்ல பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்த பள்ளிகளில் மட்டும். கஞ்சி காய்ச்சவும் பரிமாறவும் கற்பிக்கும் நேரத்தில் ஒரு பகுதி போய்விட்டதையும் ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள். உணவு குழந்தையை வகுப்புக்கு அழைத்துவந்தது. அதன் பிறகு நடக்க வேண்டியது ஆசிரியரின் கையில் இருந்தது. மதிய உணவையும் காலை உணவையும் அன்றாடம் பார்க்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடைசி அட்டை

இனி மாணவர்கள் கடைசியில் வைத்த அட்டை. விக்டோரியா ஏரியை ஒட்டிய அந்த ஈரமான பகுதியில் ஆய்வுக்கு உட்பட்ட பள்ளிக் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஏதேனும் ஒரு வகைப் புழுத்தொற்று இருந்தது. கொக்கிப்புழு வெறுங்காலின் வழியே உடலுக்குள் நுழையும். உருண்டைப்புழுவின் முட்டைகள் மண்ணிலிருந்து கைக்கும் வாய்க்கும் வரும். இரத்தசோகை, வயிற்றுவலி, களைப்பு இவற்றோடு பள்ளிக்கு நடந்துவரும் குழந்தைகள் அவர்கள்.

கிரெமரும் எட்வர்ட் மிகுவெலும் ஐ.சி.எஸ். நிறுவனத்தோடு சேர்ந்து 75 பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். 30,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள். பள்ளிகளை 25 வீதம் மூன்று குழுக்களாகப் பிரித்து முதல் குழுவுக்கு 1998-லும், இரண்டாவது குழுவுக்கு 1999-லும், மூன்றாவது குழுவுக்கு 2001-லும் மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். செலவு ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு அரை டாலருக்கும் குறைவு. வருகையை அறிய வருகைப் பதிவேட்டை நம்பாமல், முன்னறிவிப்பு இல்லாமல் பள்ளிக்குச் சென்று தலைகளை எண்ணினார்கள்.

பள்ளிக்கு வராமல் இருப்பது சுமார் கால் பங்கு குறைந்தது. இன்னொரு செய்தியும் தெரிந்தது. மாத்திரை சாப்பிடாத குழந்தைகளுக்கும் தொற்று குறைந்தது. ஒருவர் உடலில் புழு குறைந்தால் மண்ணில் விழும் முட்டையும் குறையும். அதனால் அவரோடு விளையாடும் தோழனும் காப்பாற்றப்படுகிறான்.

தேர்வு மதிப்பெண்ணில் உயர்வு தெரியவில்லை என்பதையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொன்னேன். 2015-ல் வேறு ஆய்வாளர்கள் இதே தரவுகளை மறுபடி கணக்கிட்டுச் சில பிழைகளைச் சுட்டிக்காட்டினார்கள். அறிவியல் உலகில் பெரிய விவாதம் நடந்தது. அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள் 2021-ல் வெளியிட்ட முடிவின்படி, சிறுவயதில் இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலாக மாத்திரை பெற்றவர்கள் 20 ஆண்டுகளுக்குப் பிறகு மணிக்கு ஈட்டும் வருமானம் 13 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஆய்வு முடிவுகளையும் கேள்வி கேட்கலாம், திரும்ப அளக்கலாம் என்பது மாணவர்கள் கற்க வேண்டிய அறிவியல் மனப்பான்மை. நம் நாட்டில் 2015 முதல் பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாளாக இருக்கிறது. அந்த நாளில் மாத்திரை வாங்கி வாயில் போடும் பிள்ளைக்கு, அதற்குப் பின்னால் இத்தனை பெரிய கதை இருப்பது தெரிந்தால் வேண்டா வெறுப்பாகத் துப்பமாட்டான்.

சிறு கட்டணம் செய்த வேலை

'இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள். கொஞ்சமாவது காசு வாங்கினால்தான் பொறுப்பு வரும்' என்று நம்மில் பலர் சொல்வோம். புசியாவிலும் இதைச் சோதித்தார்கள். 50 பள்ளிகளில் 25-ல் பெற்றோரிடம் ஒரு சிறு தொகை வாங்கினார்கள். இலவசமாகக் கொடுத்த பள்ளிகளில் நான்கில் மூன்று பங்குக் குழந்தைகள் மாத்திரை எடுத்துக்கொண்டார்கள். தொகை வாங்கிய பள்ளிகளில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. நோய் அதிகமாக உள்ள குழந்தைதான் மாத்திரை வாங்கும் என்று எதிர்பார்த்தால் அதுவும் நடக்கவில்லை.

சுகாதாரக் கல்வியும் கொடுத்துப் பார்த்தார்கள். செருப்பு அணிவதிலும் தூய்மையிலும் ஏரித் தண்ணீரில் இறங்குவதிலும் குழந்தைகளிடம் மாற்றம் தெரியவில்லை. செருப்பு வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையிடம் செருப்பு அணியச் சொல்வதில் என்ன பயன் என்று என் மாணவர்களே கேட்டார்கள். சொல்லிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

குழந்தை நிற்கும் இடத்திலிருந்து

கென்ய அரசு 2003 ஜனவரியில் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் புதிதாகப் பள்ளிக்கு வந்தார்கள். முதல் வகுப்பில் ஒரே அறையில் எண்பது பேர்கூட இருந்தார்கள். பென்சில் பிடித்திராத குழந்தையும் ஏற்கெனவே எழுத்து தெரிந்த குழந்தையும் பக்கத்தில் பக்கத்தில். 2005-ல் எஸ்தர் டுஃப்லோ, பாஸ்கலின் டுபா, கிரெமர் மூவரும் 121 பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார்கள். முதல் வகுப்பை இரண்டு பிரிவாக்கினார்கள். சுமார் பாதிப் பள்ளிகளில் குழந்தைகளின் தொடக்க நிலையைப் பார்த்துப் பிரித்தார்கள்; மீதிப் பள்ளிகளில் குலுக்கலில் பிரித்தார்கள். நிலை பார்த்துப் பிரித்த பள்ளிகளில் மேல் பிரிவும் கீழ்ப் பிரிவும் இரண்டுமே கூடுதலாக முன்னேறின. கீழ்ப் பிரிவுக் குழந்தைகள் அடிப்படைத் திறன்களில் நன்றாக வளர்ந்தார்கள். ஆசிரியர் தன் முன் இருக்கும் குழந்தைகளுக்கு ஏற்ற இடத்திலிருந்து தொடங்க முடிந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பாடநூல் கதையில் விழுந்த முடிச்சு இங்கே அவிழ்கிறது. இந்த இடத்தில் இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு ஒரு பாலமும் உண்டு. 1995-ல் மும்பையில் தொடங்கிய பிரதம் அமைப்பு, வகுப்பையும் வயதையும் தள்ளிவைத்துவிட்டு, குழந்தைக்கு எழுத்து தெரியுமா, சொல் தெரியுமா, பத்தி வாசிக்குமா என்று ஒரு தாளில் சோதித்து, அந்த நிலைக்கு ஏற்பக் குழுவாக்கிக் கற்பிக்கும் முறையை வளர்த்தது. 2016-ல் சாம்பியா நாட்டில் 80 பள்ளிகளில் 3 முதல் 5 வரையுள்ள வகுப்புகளில் இந்த முறையை அந்நாட்டு அரசு முயன்று பார்த்தது. பிறகு அங்கே அது விரிவடைந்தது. வேறு ஆப்பிரிக்க நாடுகளுக்கும் சென்றது. உதவி என்றால் பணக்கார நாட்டிலிருந்து ஏழை நாட்டுக்குப் பொருள் போவது என்றே நினைத்திருந்த மாணவர்களுக்கு, நம் நாட்டு வகுப்பறையில் பிறந்த ஒரு கற்பித்தல் முறை கடல் கடந்தது புதுச் செய்தியாக இருந்தது.

'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளின் நிலையறிந்து கற்பிக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது பழக்கமான வழி. ஒன்றை மட்டும் கவனத்தில் வைக்க வேண்டும். குழு என்பது இன்றைய நிலையைக் குறிப்பது. குழந்தை முன்னேறியவுடன் அடுத்த குழுவுக்கு நகர வேண்டும். நகராவிட்டால் அது பட்டப்பெயராகிவிடும்.

மாணவர்கள் கேட்டவை

"சீட்டு விழாத பள்ளிப் பிள்ளைங்க பாவம் இல்லையா?" என்று ஒரு மாணவி கேட்டாள். இந்தக் கேள்வி வந்தால் பாடம் நன்றாகப் போகிறது என்று பொருள். எல்லாப் பள்ளிக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கப் பணமும் ஆளும் இல்லாதபோது யாருக்கு முதலில் என்ற கேள்வி எப்படியும் எழும். செல்வாக்குள்ளவர் ஊருக்குப் போவதைவிடக் குலுக்கல் நேர்மையானது என்றனர் சிலர். மாத்திரைத் திட்டத்தில் மூன்று குழுக்களுக்குமே முறைவைத்து மாத்திரை சேர்ந்ததைச் சுட்டிக்காட்டினேன். ஆனாலும் மூன்றாவது குழுவின் குழந்தைகள் மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்று அவள் விடவில்லை. அந்த வாதத்தை நான் முடித்துவைக்கவில்லை. முடித்துவைக்க வேண்டிய வாதமும் அன்று.

நம்பிக்கை என்பதையும் விவாதித்தோம். 2001-ல் புசியாவிலும் பக்கத்து டெசோவிலும் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு ஒரு கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. தேர்வில் முதல் 15 விழுக்காட்டில் வருபவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் உதவி. புசியாவில் பரிசு பெற வாய்ப்பே இல்லாத மாணவிகளின் மதிப்பெண்ணும் கூடியது. ஆசிரியர் வருகையும் கூடியது. டெசோவில் அந்த ஆண்டு ஒரு பள்ளியில் இடி விழுந்து ஏழு மாணவர்கள் இறந்தார்கள். உதவி செய்ய வந்த நிறுவனத்தோடு அந்தத் துயரத்தை முடிச்சுப்போட்டு ஊரில் பேச்சு எழுந்தது. சில பள்ளிகள் திட்டத்திலிருந்து விலகின. நல்ல திட்டமும் ஊர் மக்களின் மனத்தில் இடம் பிடிக்காவிட்டால் நிற்காது. அதுபோலவே, தொண்டு நிறுவனம் சிறு அளவில் நடத்தியபோது பலன் தந்த ஒப்பந்த ஆசிரியர் திட்டம், கென்யாவில் அரசு அமைப்பின் வழியே நடத்தப்பட்டபோது அந்தப் பலனைத் தரவில்லை. ஓரிடத்தில் பலித்தது எல்லா இடத்திலும் அப்படியே பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த வழியில் உலக வறுமையைக் குறைக்கும் முயற்சிகளைச் சோதித்துப் பார்த்ததற்காக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர்களின் ஆய்வுக்கு இடமும் நேரமும் கொடுத்த ஆசிரியர்களும் பெற்றோரும் குழந்தைகளும் பெயர் தெரியாதவர்கள். அவர்களையும் சேர்த்தே மாணவர்களிடம் சொல்ல வேண்டும்.

வகுப்பில் செய்து பார்க்க

1. ஐந்து அட்டைச் செயல்பாட்டைக் கதை சொல்லும் முன் ஒருமுறையும் சொன்ன பின் ஒருமுறையும் செய்யுங்கள். வரிசை ஏன் மாறியது என்று மாணவர்கள் எழுதட்டும். மாறாத குழுவின் காரணத்தையும் கேளுங்கள்.

2. கணக்குப் பாடத்தோடு இணைக்கலாம். வகுப்பு மாணவர்களைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, உயரத்தின் சராசரியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு சராசரியும் ஏறக்குறைய நெருங்கி வரும். பிறகு முன்வரிசை, பின்வரிசை என்று பிரித்துக் கண்டுபிடிக்கட்டும். குலுக்கலின் பயன் கண்ணுக்குத் தெரியும்.

3. அறிவியல் பாடத்தில் கொக்கிப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சியை வரையச் சொல்லி, அதை எந்தெந்த இடத்தில் வெட்டலாம் என்று குறிக்கச் சொல்லுங்கள்.

4. தொடக்க வகுப்புகளில் ஹராம்பீ என்ற சொல்லைக் கொண்டு, ஊர் கூடிச் செய்த ஒரு வேலையைப் பெரியவர்களிடம் கேட்டுவந்து சொல்லச் செய்யலாம்.

நம் பள்ளிக்கு உதவி வரும்போது

முன்னாள் மாணவர்களும் தொழில் நிறுவனங்களும் அரசுப் பள்ளிகளுக்கு உதவ முன்வரும் காலம் இது. 'சார், பள்ளிக்கு என்ன வேண்டும்?' என்று அவர்கள் கேட்கும்போது சட்டென்று ஒரு பொருளின் பெயரைச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பாடத்தை நடத்திய பிறகு, பொருளின் பெயரைச் சொல்வதற்கு முன் மூன்று கேள்விகளை எங்கள் பள்ளியில் கேட்டுக்கொள்கிறோம். எந்தக் குழந்தைக்கு இது போய்ச் சேரும்? அந்தக் குழந்தை இன்று எந்த இடத்தில் தடைப்பட்டு நிற்கிறது? பலன் கிடைத்ததா என்பதை ஓராண்டு கழித்து எதை வைத்துத் தெரிந்துகொள்வோம்?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சிலர் நன்கொடை தர வந்தபோது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வருகைப் பதிவேட்டை விரித்துவைத்துப் பார்த்தோம். நான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு குடியிருப்பின் பிள்ளைகள் மழை நாட்களில் வருவதே இல்லை என்பது அப்போது தெரிந்தது. ஏன் என்று அந்தத் தாய்மார்களையே கேட்டோம். ஓடைப் பாதையில் தண்ணீர் வந்துவிட்டால் சிறு பிள்ளைகளைத் தனியே அனுப்பப் பயம் என்றார்கள். மழைக்கால இரண்டு மாதங்களுக்குச் சுற்றுப் பாதையில் ஒரு ஷேர் ஆட்டோவுக்கு முன்னாள் மாணவர்கள் பொறுப்பேற்றார்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாத நன்கொடை அது. அந்தப் பிள்ளைகளின் வருகையைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி வருகிறோம். பலன் இவ்வளவு என்று சொல்ல இன்னும் ஒரு மழைக்காலம் கடக்க வேண்டும். அந்தக் குறிப்பேட்டைப் பராமரிப்பது ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள்தான்.